கேளுங்கள், சொல்கிறேன்: நான்காவது 'அப்' குவார்க்குக்கு இருக்கை இல்லை

போன இதழில் அணுக்கரு விசையைப் பற்றி அரைப் பக்கம் எழுதப்போய் வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த அரைப் பக்கத்தையே சுற்றுகின்றன. அதிலும் ஒருவர் என் தவற்றைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ஆகவே இந்த மாதம் முழுக்க, புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் குவார்க்குதான். வால்நட்சத்திரம் பற்றிக் கேட்டவர் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இயற்பியல் இறுதியாண்டு மாணவி ஒருவர்: ஐயா, எங்கள் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயம் 'பையான் பரிமாற்றத்தால் புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டிக்கொள்கின்றன' என்கிறது. நான்கு அத்தியாயம் தள்ளிப் போனால் 'எல்லாமே குவார்க்கும் குளுவானும்' என்கிறது, குளுவான் என்பது குவார்க்குகளை ஒட்டவைக்கும் துகளாம். எது சரி? தேர்வில் எதை எழுதுவது?

தேர்வில், கேள்வி எந்த அத்தியாயத்திலிருந்து வந்திருக்கிறதோ அதை எழுதிவிடம்மா. மற்ற நேரத்தில் தூரத்தைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்.

ஜப்பானிய இயற்பியலாளர் யுகாவா 1935-இல் சொன்னது இது: இரண்டு நியூக்ளியான்கள் (புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பொதுப்பெயர்) நடுத்தர நிறையுள்ள ஒரு துகளை வாங்கிக் கொடுத்துக்கொள்கின்றன, அதுவே விசை. அந்தத் துகளான பையானை 1947-இல் காஸ்மிக் கதிர் பட்ட ஒளிப்படக் குழம்புத் தகடுகளில் பார்த்தார்கள். நிறை சுமார் 140 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், துகள்களின் நிறைக்கும் ஆற்றலுக்கும் அலகு). அதற்குரிய வீச்சு 1.4 ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது 10⁻¹⁵ மீட்டர்). இரண்டு நியூக்ளியான்களும் 2 ஃபெம்டோமீட்டர் தள்ளி நிற்கும்வரை இந்தப் படம் பிரமாதமாக வேலை செய்கிறது. இன்றைக்கும் அதைத் தூக்கிப்போட யாரும் தயாரில்லை.

நெருங்கினால்தான் சிக்கல். புரோட்டானின் ஆரமே சுமார் 0.84 ஃபெம்டோமீட்டர். அப்படியானால் 1 ஃபெம்டோமீட்டர் இடைவெளியில் இரண்டும் ஏற்கெனவே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அந்த நிலையில் 'இதிலிருந்து அதற்கு ஒரு மீசான் (பையான் போன்ற துகள்) போகிறது' என்றால், எங்கிருந்து எங்கே போகிறது? சோதனைகளோ அந்த நெருக்கத்தில் பலமான விலக்கு விசை இருக்கிறது என்கின்றன. 1951-இல் ஜாஸ்ட்ரோ அதைக் கெட்டியான ஓர் உட்கரு என்று வைத்துக் கணக்குப் போட்டார். துகள்களை மோதவிட்டு அளந்த சிதறல் தரவு பொருந்தியது. அந்த உட்கரு ஏன் இருக்கிறது என்று கேட்டால், வைத்தால் பொருந்துகிறது என்பதைத் தாண்டிப் பதில் கிடையாது. எனக்குப் பாடம் எடுத்தவர் கரும்பலகையில் அந்தச் செங்குத்துச் சுவரை வரைந்துவிட்டு, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்து, "இது நாம் கட்டிய சுவர்" என்றார். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் குவார்க் மாதிரி வந்தது.

செய்முறையைச் சொல்கிறேன். மும்மூன்று குவார்க்குகளாக இரண்டு கொத்துகளை எடுத்துக்கொள். ஆறு குவார்க்கில் எந்த இரண்டை இடம் மாற்றினாலும் அலைச்சார்பு குறி மாற வேண்டும், அதைக் கறாராகக் கடைப்பிடி. குவார்க்குகளுக்கு நடுவே ஒரு குளுவான் பரிமாற்ற விசையைப் போடு. தொலைதூரத்துக்கு மட்டும் பழைய மீசான்களை வைத்துக்கொள். இந்தக் கொத்துக் கணக்கு முறை வீலர் 1937-இல் அணுக்கருக்களுக்காக உண்டாக்கியது. 1980-ஐ ஒட்டி ஓகாவும் யசாகியும் அதைக் குவார்க்குகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஃபுஜிவாரா, சுசுகி, நாகாமோட்டோ ஆகியோர் நியூக்ளியானையும் அதன் உறவுத் துகளான ஹைப்பரானையும் (கீழே விளக்குகிறேன்) ஒரே சட்டத்துக்குள் அடக்கினார்கள். அவர்களுடைய மாதிரிக்கு எஃப்.எஸ்.எஸ்.2 என்று பெயர். ஒட்டுப்போட்ட சட்டைதான், மறைக்கவில்லை. ஆனால் கிழிந்த இடத்தில்தான் ஒட்டு விழுந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: 'புரோட்டான்கள் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் தடுப்பது குவார்க்குகளின் பௌலி தவிர்ப்பு விதி' என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கணக்கு உதைக்கிறது. குவார்க்குக்கு மூன்று நிறம் உண்டே, இடத்துக்கு என்ன பஞ்சம்?

ஐயா, குட்டு வாங்கிக்கொள்கிறேன். இடத்துக்குப் பஞ்சம் இல்லை. நான் எழுதியது தவறு. ஆனால் இந்தத் தவற்றுக்குள்தான் ஹைப்பரானின் முழுக் கதையும் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முற்றிலும் ஒரே நிலையில் இரண்டு குவார்க்குகள் இருக்கக் கூடாது என்பதுதான் பௌலி விதி. ஆகவே முதலில் இருக்கைகளை எண்ணுவோம். மிகத் தாழ்ந்த ஆற்றல் பாதையில் ஒரு குவார்க்குக்கு நிறம் (கண்ணுக்குத் தெரியும் நிறமல்ல, மின்னூட்டம் போன்ற ஒரு பண்பு) 3, தற்சுழற்சி மேல் அல்லது கீழ் என்று 2, வகை அப் அல்லது டவுன் என்று 2. பெருக்கினால் 12 இருக்கை. புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்தால் குவார்க்கு ஆறுதான். தாராளமாக உட்காரலாம். முறையாகக் கணக்குப் போட்டால் இரண்டு நியூக்ளியானுக்கு இடம் மாற்றக் காரணி 10/9 வருகிறது. 1 என்றால் பௌலி விதி தலையிடவே இல்லை என்று பொருள், 0 என்றால் உள்ளே நுழையவே முடியாது. 10/9-ஐ யாரும் தடை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் விலக்குவது எது? குளுவான் பரிமாற்றத்தில் நிறத்தையும் தற்சுழற்சியையும் சேர்த்துப் பிடிக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. நிறக்காந்த விசை என்பார்கள். நியூக்ளியானில் அதன் மதிப்பு −8 அலகு. மூன்று தற்சுழற்சிகளும் ஒரே பக்கம் பார்க்கும் டெல்டா துகளில் +8. இந்த 16 அலகு இடைவெளிதான் 938-க்கும் 1232-க்கும் உள்ள 294 எம்.இ.வி. வித்தியாசம். இப்போது தனித்தனியே நிற்கும் இரண்டு நியூக்ளியானுக்கு −16. அவற்றின் ஆறு குவார்க்குகளையும் டியூட்ரானின் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் ஒட்டிய அணுக்கரு) தற்சுழற்சி நிலையில் ஒரே பாதையில் அடைத்தால் +8/3. ஏற்றம் 56/3 அலகு. அதை 16-ஆல் வகுத்து 294-ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 343 எம்.இ.வி. டியூட்ரானைப் பிரிக்க 2.2 எம்.இ.வி. போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், உட்கருச் சுவர் எவ்வளவு உயரம் என்று புரியும். ஜாஸ்ட்ரோவின் சுவருக்குச் செங்கல் கொடுத்தது இந்த உறுப்பு.

இனி ஹைப்பரானுக்கு வருவோம். நியூக்ளியானில் ஒரு குவார்க்கையோ அதற்கு மேலோ எடுத்துவிட்டு 'ஸ்ட்ரேஞ்ச்' குவார்க்கை வைத்தால் ஹைப்பரான். சிக்மா பிளஸ் என்பது இரண்டு அப், ஒரு ஸ்ட்ரேஞ்ச். புரோட்டான் என்பது இரண்டு அப், ஒரு டவுன். இவை இரண்டும் தற்சுழற்சி ஒரே பக்கம் பார்த்து, அதாவது இரண்டும் மேல்நோக்கி, நெருங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்நோக்கிய புரோட்டானுக்குள் எட்டிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் இரண்டு அப்பும் மேலே, டவுன் கீழே. சிக்மா பிளஸிலும் அதே கதைதான்: மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு அப்பும் மேலே, ஸ்ட்ரேஞ்ச் கீழே. இரண்டும் ஒரே சமயத்தில் அப்படி இருக்க வாய்ப்பு 4/9. அந்த 4/9-இல் மேல்நோக்கிய அப் குவார்க்குகள் எத்தனை? நான்கு. மேல்நோக்கிய அப் குவார்க்குக்கு இருக்கை எத்தனை? நிறத்துக்கு ஒன்றாக மூன்று. நான்காவது ஆள் நிற்க வேண்டியதுதான், நிற்க இடமும் கிடையாது. மேலே உள்ள ஏதாவது ஒரு பாதைக்குப் போக வேண்டும், அதற்கு ஆற்றல் கேட்கும்.

மீதிப் பகுதியிலும் அரைகுறைத் தடைகள் உண்டு. எல்லாம் போக மிஞ்சும் காரணி 2/9. புரோட்டான்–நியூட்ரானில் 10/9, இங்கே 2/9. பௌலி விதி உண்மையிலேயே வாசலில் நிற்பது இங்கேதான், நான் எழுதிய இடத்தில் இல்லை. புரோட்டான், நியூட்ரான், ஆறு ஹைப்பரான் என்ற எட்டு துகள்களை (எண்ம பேரியான்கள் என்பார்கள்) இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு குடும்பங்கள் வரும். அதில் ஒரு குடும்பத்துக்குக் காரணி முழுச் சுழி. இன்னொன்றுக்கு, ஜாஃபே 1977-இல் 'எச்' என்று பெயர் வைத்த அப்-அப்-டவுன்-டவுன்-ஸ்ட்ரேஞ்ச்-ஸ்ட்ரேஞ்ச் கூட்டணிக்கு, தடையே கிடையாது, நிறக்காந்த விசைகூட இழுக்கத்தான் செய்கிறது. நியூக்ளியான்கள் மட்டும் இந்த ஆறில் இரண்டு குடும்பங்களோடு நின்றுவிடுகின்றன, அந்த இரண்டுக்கும் காரணி 10/9. வித்தியாசமே தெரியாத இடத்தில் முப்பது வருடம் ஆராய்ந்துவிட்டு, வித்தியாசம் தெரியவில்லையே என்று ஏங்கியிருக்கிறோம்.

ஒரு வாசகர்: ஹைப்பரான் பிறந்த கையோடு செத்துவிடுமாமே. அதன்மேல் விசையை எப்படி அளக்கிறார்கள்?

சிக்மா பிளஸின் ஆயுள் சுமார் 0.8 × 10⁻¹⁰ நொடி. ஒளி அதற்குள் 2.4 சென்டிமீட்டர் ஓடும். ஆகவே இந்த விசையை அளக்கத் தேவையான தாழ்ந்த ஆற்றலில் ஹைப்பரான் கற்றை ஒன்றைத் தயாரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோய் மோத விடுவது நடக்காத காரியம். பிறந்த தொட்டியிலேயே மோதியாக வேண்டும். ஜப்பானின் டோகாய் ஊரில் உள்ள ஜே-பார்க் முடுக்கியில் அப்படித்தான் செய்தார்கள்: திரவ ஹைட்ரஜனில் பையான் கற்றையை அடித்தால் சிக்மா பிறக்கும், அது சாவதற்குள் பக்கத்துப் புரோட்டான் ஒன்றில் மோதும். கூடவே பிறந்த கேயான் என்ற மீசானையும் மோதி வெளியே வந்த புரோட்டானையும் பிடித்து நடந்ததைத் திரும்பக் கட்டுகிறார்கள். 2022-இல் வெளியான சிக்மா பிளஸ்–புரோட்டான் முடிவுகள், இணைத் தற்சுழற்சியில் விலக்கு விசை இருப்பதைக் காட்டின, மிதமான அளவில். எங்கள் காலத்தில் 1960-களின் குமிழி அறைப் படங்களிலிருந்து கிடைத்த நாற்பதுக்கும் குறைவான புள்ளிகளை வைத்துக்கொண்டு மாரடித்தோம். நியூக்ளியானுக்கோ ஆயிரக்கணக்கில் தரவு. பொறாமையாக இருக்கும்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர்: சார், வெளிப்படையாகவே கேட்கிறேன். குவார்க் நிறை, கொத்தின் அகலம், குளுவான் பிணைப்பு, மீசான் பிணைப்பு என்று இத்தனை அளவுரு இருந்தால் யானையைக்கூட வரையலாமே. இது பொருத்துதல்தானே?

கேட்க வேண்டிய கேள்வி. பாதி ஒப்புக்கொள்கிறேன். கொத்தின் அகலம் அரை ஃபெம்டோமீட்டருக்குச் சற்று மேல் என்று வைக்கிறோம், ஏன் அதுதான் என்று கேட்டால் நெளிவோம். மீசான் பகுதி பச்சையான பொருத்துதல். குவார்க்கைச் சிறைவைக்கும் விசையை எந்த வடிவத்தில் எழுதினாலும் சரி, இரண்டு கொத்துகளும் நிறமற்றவை என்பதால் அவற்றுக்கு நடுவே அது ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. அந்த ஒரு தலைவலி மிச்சம்.

ஆனால் 10/9, 2/9, 0 இந்த எண்களில் அளவுரு ஏதாவது இருக்கிறதா பார். கிடையாது. வெறும் எண்ணிக்கை. ஒரு கொத்திலிருந்து ஒன்று, மறு கொத்திலிருந்து ஒன்று என மாற்றிக்கொள்ள 9 வழி. நிறத்துக்கு 1/3. தற்சுழற்சியும் வகையும் சேர்ந்து, நியூக்ளியான் சோடிக்கு −1/27. ஒன்றிலிருந்து இவற்றின் பெருக்கலைக் கழித்தால் 1 + 1/9. அந்தக் கழித்தல் குறியை நான் மாணவனாக இருந்தபோது எங்கேயோ தொலைத்துவிட்டேன். 8/9 வந்தது. பார்க்க அதுவும் 1-க்குப் பக்கத்தில் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. எட்டு மாதம் அதன்மேல் மாடி மாடியாகக் கட்டினேன். சிக்மாவில் தடை வர வேண்டிய இடத்தில் தாராளமாக வழி விட்டது என் நிரல். வழிகாட்டி ஒரு நாள் மாலை என் நோட்டை வாங்கி, மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார், அவ்வளவுதான். அந்தக் கோட்டின் நீளம் ஒரு செ.மீ. இருக்காது. அதனால் சொல்கிறேன்: நியூக்ளியானை வைத்து இந்த மாதிரியைச் சோதிக்காதே, 8/9 என்றாலும் அது உன்னைக் காட்டிக்கொடுக்காது. ஹைப்பரான் உடனே காட்டிக்கொடுக்கும்.

யானை வரைய முடியாத இன்னொரு இடமும் உண்டு. லாம்டா ஹைப்பரானுக்குள் (அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் ஒவ்வொன்று) அப்பும் டவுனும் தற்சுழற்சியை ஒன்றுக்கொன்று அடித்துக்கொண்டு சுழியாகிவிடும். லாம்டாவின் தற்சுழற்சி முழுவதும் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் தலையில். அப்படியிருந்தால் அணுக்கருவுக்குள், சுற்றும் திசையோடு தற்சுழற்சி ஒத்துப்போகிறதா இல்லையா என்பதால் வரும் ஆற்றல் வித்தியாசம், அதாவது லாம்டாவின் தற்சுழற்சி–சுற்றுப்பாதைப் பிளவு மிகச் சிறிதாகத்தான் இருக்கும் என்று குவார்க் மாதிரிக்காரர்கள் 1980-களிலேயே சொன்னார்கள். ஆக்சிஜன்-15-இல் நியூக்ளியானுக்கு இந்தப் பிளவு சுமார் 6 எம்.இ.வி. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லாம்டா ஏறிய கார்பன்-13-இல் அளந்து 2001-இல் வெளியிட்டபோது 0.152 எம்.இ.வி. வந்தது.

லாட்டிஸ் கணிப்பையும் (வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணினியில் போடும் கணக்கு) பார்த்துவிடு. இஷீ, ஆவோகி, ஹட்சுதா மூவரும் 2007-இல் குவார்க்–குளுவான் சமன்பாடுகளிலிருந்தே நியூக்ளியான் விசையின் உட்கருவைக் கணினியில் வரவழைத்துக் காட்டினார்கள். அதே வழியில் பிறகு மூன்று குவார்க் வகைக்கும் ஒரே நிறை வைத்துப் பார்த்தபோது, நம் காரணி சுழி என்று சொன்ன குடும்பத்தில் சுவர் ஆக உயரமாக எழும்பியது. 'எச்' குடும்பத்தில் சுவரே இல்லை, இழுப்புதான். நம் மாதிரியின் அளவுரு எதையும் அவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பெயர் எழுதாத ஒருவர்: அந்த 'எச்' துகள் கிடைத்ததா, இல்லையா?

ஜாஃபே எதிர்பார்த்த ஆழத்தில், அதாவது இரண்டு லாம்டாவைவிட 80 எம்.இ.வி. கீழே, இல்லவே இல்லை. 2001-இல் இரண்டு லாம்டா ஒருசேர ஏறிய ஹீலியம்-6 அணுக்கரு ஒன்று ஜப்பானில் ஒளிப்படக் குழம்பில் தடம் விட்டது. 'நகாரா நிகழ்வு' என்று பெயர். எச் அவ்வளவு ஆழமாக இருந்திருந்தால் அந்த இரண்டு லாம்டாவும் அப்போதே எச்-ஆக மாறிக் காணாமல் போயிருக்கும். போகவில்லை, தனித்தனியாகத்தான் சிதைந்தன. மேலோட்டமாகக் கட்டுண்ட எச் உண்டா என்பதைப் பற்றி என்னிடம் பந்தயம் கட்ட வேண்டாம்.

பொறியாளர் ஒருவர்: நியூட்ரான் விண்மீனுக்குள் ஹைப்பரான் இருந்தால் அது உள்ளே சரிந்துவிடும் என்கிறார்களே?

அடர்த்தி ஏறினால் நியூட்ரானை லாம்டாவாக மாற்றுவது லாபமாகிவிடும், அழுத்தம் குறையும், விண்மீன் தாங்கும் எடையும் குறையும். ஆனால் 2010-இல் ஜே1614−2230 என்ற துடிவிண்மீனின் (துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நியூட்ரான் விண்மீன்) நிறை சூரியனைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று அளந்தார்கள். எளிய ஹைப்பரான் கணக்குகள் பல அன்றே படுத்துவிட்டன. சிக்மாவுக்கு மேலே சொன்ன விலக்கு விசை உதவும். லாம்டாவுக்கு அது போதாது. மூன்று துகள் சேர்ந்தால் மட்டும் வரும் விலக்கு விசை ஒன்று வேண்டும் என்பது என் கட்சி.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்: ஒரு புரோட்டானும் ஒரு லாம்டாவும் மட்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளுமா தாத்தா?

ஒட்டாது கண்ணா. லாம்டாவால் ஒற்றைப் பையானைக் கொடுத்துவிட்டு லாம்டாவாகவே இருக்க முடியாது, விதி அனுமதிக்காது. நடுவில் சிக்மாவாக வேடம் மாறித்தான் கொடுக்க வேண்டும். சிக்மா 77 எம்.இ.வி. கூடுதல் கனம். அதனால் தொலைதூர இழுப்பு மெலிந்துவிடுகிறது. கூட ஒரு நியூட்ரானும் வந்து மூன்று பேரானால்தான் ஒட்டும், ஹைப்பர்டிரைட்டான் என்று பெயர். அப்போதும் லாம்டாவைப் பிரிக்க 0.1 எம்.இ.வி.யை ஒட்டிய ஆற்றலே போதும். புரோட்டானும் நியூட்ரானும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க, லாம்டா பத்து ஃபெம்டோமீட்டர் தள்ளி எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும்.